இரண்டு ஜான்-பத்தீஸ்துகளில் நம்மவர் யார்? முடிச்சு அவிழ்ந்தது

மருமகன் பக்கத்து வம்சாவளியில் வெகுகாலமாக அடைத்துக்கொண்டு நின்ற இடம் கடைசியில் திறந்துவிட்டது. கியூபெக்கின் கமுராஸ்காவில் ஒரே பெயரோடு, ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு ஜான்-பத்தீஸ்துகள் இருந்தார்கள். அவர்களில் யார் நம்முடைய ஆள் என்று இனி உறுதியாகச் சொல்லலாம்.

மருமகன் மொன்றியலில் பிறந்த கியூபெக் பிள்ளை. பேத்திக்கு இரண்டு பக்கத்து வேரையும் எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். எங்கள் பக்கம் பூட்டனுக்கு மேலே எழுத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கமோ 1700களுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வளம் எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

முதல் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 92 ஆண்டு கழித்துத்தான் வெளியிடலாம் என்ற விதி முடிந்து 2023 ஜூனில் வெளியான 1931 குடிசனக் கணக்கெடுப்பில் சம்பந்தியின் அப்பா சின்னப் பையனாக அகப்பட்டார். அட்டவணையில் குடும்பப் பெயர் சிதைந்து கிடந்ததால் பிள்ளைகளின் பெயர்களையும் வயதுகளையும் வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. அங்கிருந்து 1921, 1911, 1901. 1901இல் பிறந்த தேதி முழுதாக இருப்பது பெரிய வசதி. அப்புறம் நேராகத் தேவாலயப் பதிவேடுகள்தான்.

கியூபெக்கில் 1994 வரைக்கும் தேவாலயப் பதிவேடே அரசுப் பதிவாகவும் இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு பிரதி: ஒன்று கோயிலில், மற்றது நீதிமன்றத்தில். திருமணப் பதிவில் இரு பக்கத்துத் தாய் தந்தையரின் பெயர்களும் இருக்கும். தாய்மார் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். அதனால் ஒரு திருமணத்திலிருந்து அடுத்த தலைமுறைத் திருமணத்துக்கு மளமளவென்று ஏறிவிடலாம். 1809 வரை அப்படித்தான் ஏறினேன்.

1809 திருமணத்தில் மணமகனான ஜான்-பத்தீஸ்து மனைவியை இழந்தவர். மறுமணம் என்றால் பாதிரியார் பெற்றோர் பெயரை எழுதுவதில்லை. ‘இன்னாரின் கணவராக இருந்தவர்’ என்று இறந்த மனைவியின் பெயரை மட்டும் எழுதிவிடுவார். சரி, முதல் திருமணத்தைப் பார்த்தால் போதும் என்றால், அந்தப் பதிவு எந்த அட்டவணையிலும் இல்லை. அக்கம்பக்கத்துக் கோயில் பங்குகளின் பதிவேட்டுப் படங்களை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியும் அகப்படவில்லை. கைவசம் இருந்ததெல்லாம் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள். இருவரும் அண்ணன் தம்பி மக்கள், தாத்தா ஒருவரே. கட்டணத் தளம் ஒன்றில் பலர் போட்டிருக்கும் வம்ச மரங்களில் இந்த இருவரையும் கலந்து ஒரே ஆளாக்கி, இரண்டு தாய்மாரையும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் அப்படியே நகலெடுக்கிறார்; மூலப் பதிவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

வழி காட்டியது 1809 பதிவின் நடுவில் இருந்த ஒரே வரி: நான்காம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நமக்கு மச்சாளைக் கட்டுவது முறை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அன்றைக்கு மூன்றாம் தலைமுறை உறவும் நான்காம் தலைமுறை உறவும் தடைதான், அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைப் பாதிரியார் படியோடு எழுதிவைப்பார். நான்காம் படி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஓட்டனும் ஓட்டியும் பொது.

இந்த வரியை வாசிக்கும்போது மிகவும் கவனம் வேண்டும். இரத்த உறவு வேறு, சம்பந்த உறவு வேறு. சம்பந்த உறவு என்று இருந்தால் அது இறந்துபோன மனைவி வழியாக வந்த தொடர்பு. மாப்பிள்ளையின் பெற்றோரைக் கண்டுபிடிக்க அது உதவாது. கையெழுத்து மங்கலாக இருந்ததால் கோயில் பிரதியையும் நீதிமன்றப் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இரண்டிலும் இரத்த உறவுதான்.

பெண்ணின் பெற்றோர் பதிவில் இருந்ததால் அவள் பக்கத்து எட்டு ஓட்டன்–ஓட்டி இணைகளையும் எழுத முடிந்தது. பழைய கியூபெக் தேவாலயப் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்துவைத்திருக்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.டி.எச். தரவுத்தளம் இதற்கு அருமையானது; பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் கட்டிய பணத்திலிருந்து கழியும் என்பதால் என்ன தேட வேண்டும் என்று முதலே எழுதிக்கொண்டு உள்ளே போவது நல்லது. அப்புறம் இரண்டு ஜான்-பத்தீஸ்துகளுக்கும் அதே போல எட்டு எட்டாக எழுதினேன். பொது இணை தந்தை வழியில் வந்திருந்தால் அது இருவருக்கும் பொருந்தி, எல்லா உழைப்பும் வீணாகியிருக்கும். வரவில்லை! மூத்தவரின் தாய் வழியில், 1690களில் ரிவியேர்-உவெலில் மணம் முடித்த ஒரு தம்பதி பெண்ணின் பட்டியலிலும் இருந்தார்கள். இளையவரின் தாய் வழியில் அப்படி யாரும் இல்லை. மேலதிகச் சான்றுக்கு இரண்டாம் மனைவியின் மூத்த பிள்ளையுடைய ஞானஸ்நானத்தைப் பார்த்தேன். ஞானத்தந்தை மூத்தவரின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு இது போதும்: மூத்தவர்தான் நம்மவர்.

மேலே ஏறுகிறவர்கள் இரட்டைப் பெயர்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். கமுராஸ்கா பக்கத்தில் ரூவா டி தெஜார்தென், உய்தோன் டி போலியூ போன்ற குடும்பங்கள் பிரசித்தம் (‘டி’, dit, என்றால் ‘என்று அழைக்கப்படுகிற’). ஒரு பிள்ளை முதல் பெயரில் பதிவாகியிருப்பான், அவன் தம்பி இரண்டாம் பெயரில். 1665இல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சலியேர் படைப்பிரிவு வீரர்களின் பட்டப்பெயர்கள் பல இப்படித்தான் குடும்பப் பெயர்களாகின. இன்னொன்று: ஆண் பிள்ளைகள் பலருக்கும் முன்னால் ஜோசப், பெண் பிள்ளைகள் பலருக்கும் முன்னால் மரி. அதைத் தள்ளிவிட்டு மற்றப் பெயர்களைப் பாருங்கள்.

பதிவேட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் ஃபேமிலிசர்ச் தளம்தான், இலவசம். மொன்றியலில் இருப்பவர்கள் வீஜே அவெனியூவில் உள்ள கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தடவையாவது போய் உட்காருங்கள். 1943இல் தொடங்கிய பிரெஞ்சுக் கனடிய வம்சாவளிச் சங்கத்தில் சேரலாமா என்றும் யோசிக்கிறேன். நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தங்களை வாசிக்க எனக்கு ஆள் வேண்டும். அந்தத் தொலைந்த முதல் திருமணத்துக்கு ஒப்பந்தமாவது எங்கேயோ இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த ஓட்டன்மாருக்கு மேலே தந்தை வழி இன்னும் முடியவில்லை. ஆனால் கை அரிக்கிறது, இதற்கிடையில் சம்பந்தியம்மா பக்கத்தைத் தொட்டுவிட்டேன். 1847இல் கப்பலில் வந்து அனாதையான ஒரு ஐரிஷ் சிறுமியைக் கியூபெக் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்ததாக அவர்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் ஐரிஷ் குடும்பப் பெயரை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதால் தேட ஒரு பிடி இருக்கிறது. கப்பலில் வந்தவர்களை நிறுத்திச் சோதித்த குரோஸ் தீவு தனிமைப்படுத்தல் நிலையத்தின் 1832–1937 தரவுத்தளம் கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அடுத்து அதைத் திறக்கப்போகிறேன். ஐரிஷ் பெயர்களைப் பிரெஞ்சுப் பாதிரிமார் எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.