என் ஓட்டு ஜெரமி பிரெட்டுக்கு

ஷெர்லாக் ஹோம்ஸாகத் திரையில் எத்தனையோ பேர் வந்துபோயிருக்கிறார்கள். என் ஓட்டு ஜெரமி பிரெட்டுக்குத்தான். 1984 முதல் 1994 வரை பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி எடுத்த தொடரில் இவர்தான் ஹோம்ஸ், மொத்தம் 41 பகுதிகள்.

மனிதர் சிரிப்பதைப் பாருங்கள். உதட்டோரம் மின்னி அரை நொடியில் அணைந்துவிடும். வழக்கோடு வந்தவர் புலம்பிக்கொண்டிருக்க, இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்கிவிட்டாரோ என்று நினைக்கும்போது படாரென்று ஒரு கேள்வி வரும்.

ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சனும் இதில் மண்டு இல்லை. 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்து வந்த 14 படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனைக் கோமாளியாக்கி வைத்திருந்தார் (ராத்போனின் மூக்கும் குரலும் அமர்க்களம், அது வேறு விஷயம்). இங்கே முதலில் டேவிட் பர்க், அப்புறம் எட்வர்ட் ஹார்ட்விக். இரண்டு பேருமே பட்டாளத்தில் இருந்துவந்த டாக்டராகத்தான் தெரிகிறார்கள்.

அடுத்த இடம் சோவியத்காரர் வசீலி லிவானவுக்கு. அவர் நடித்த படங்களுக்காக லாட்வியாவின் ரிகா நகரத்துத் தெரு ஒன்றையே, ஹோம்ஸ் குடியிருக்கும் லண்டன் பேக்கர் தெருவாக்கிவிட்டார்கள்! 2006இல் பிரிட்டனே அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது.

பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரில் வந்த பெனடிக்ட் கம்பர்பேட்ச்? முதல் இரண்டு சீசன் சரி. அப்புறம் துப்பறிவதை ஓரங்கட்டிவிட்டுக் குடும்பக் கதைக்குப் போய்விட்டார்கள்.