கடகத்துக்குள்ள ஒரு டைனோசர்

குசினிக்குப் பின்னால, பழைய கடகத்துக்குள்ள எங்கட ஊர்க்கோழி 11 முட்டையோட அடை கிடக்குது. காலமை எட்டிப் பார்க்கப் போய் கையில நல்ல கொத்து வாங்கினன். "அடைக்கோழியோட சொறியாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்" எண்டு அம்மாட்டப் பேச்சும் சேர்த்து.

ஆனா அது செட்டையை விரிச்சு முட்டையளை மூடின விதம் இருக்கே, எனக்கு உடன மங்கோலியாதான் ஞாபகம் வந்தது.

1923இல அங்கத்தைய கோபிப் பாலைவனத்தில, முட்டைக் கூடு ஒண்டுக்குப் பக்கத்தில ஒரு டைனோசரின்ர எலும்பு கிடைச்சது. வேறை இனத்தின்ர முட்டையைக் களவெடுக்க வந்ததெண்டு நினைச்சு 'ஓவிராப்டர்' எண்டு பேர் வைச்சிட்டினம். முட்டைக் கள்ளனாம்! 70 வருசம் போய், 1993இல அதே மாதிரி முட்டைக்குள்ள கிடந்த கருவைப் பார்த்தா, அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சுதான். பிறகு அதே குடும்பத்து டைனோசர் ஒண்டு, முன்கை ரெண்டையும் விரிச்சு, முட்டையளுக்கு மேல குந்தினபடியே மண்ணுக்குள்ள மூடுப்பட்டுக் கிடந்ததையும் கண்டினம். பேரை மட்டும் மாத்தேல்லை. பாவம்.

கோழியும் டைனோசர் வழி வந்ததுதான்; இறகும் பறவையின்ர தனிச்சொத்தில்லை. 1996இல சீனாவின்ர லியாவோனிங் மாகாணத்தில கிடைச்ச சைனோசோரொப்டெரிக்ஸ் எண்ட டைனோசரின்ர உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இழை. வெலோசிராப்டர் எண்ட இன்னொரு டைனோசரின்ர முன்கை எலும்பில இறகு முளைச்ச புடைப்பை 2007இல கண்டினம். கோழிக்கறிக்குள்ள வாற, V மாதிரியான கவர் எலும்பு டி-ரெக்ஸுக்கும் இருந்தது. (ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கோ.)

குஞ்சு பொரிக்க இன்னும் 9 நாள் கிடக்கு. நான் அந்தப் பக்கம் போறேல்லை.