ஜெர்சிக்கு ஒரு விளக்கு, முகத்துக்கு ஒரு விளக்கு

மாவட்டப் போட்டிக்குத் தேர்வான பள்ளி அணியைப் படம் எடுத்துத் தரும்படி உடற்கல்வி ஆசிரியர்கள் அழைக்கும்போது, அவர்கள் மனத்தில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு, தாடையைச் சற்றே தூக்கி, ஒரு கன்னத்தில் நீல ஒளியும் மறு கன்னத்தில் ஆரஞ்சு ஒளியும் விழ, பின்னால் புகையும் மின்னலும் ஒட்டப்பட்டு, ஒரு வீரர் முறைத்துக்கொண்டு நிற்பார். 2008இல் ஐ.பி.எல்.லும் 2014இல் புரோ கபடியும் தொடங்கிய பிறகு தொலைக்காட்சி விளம்பரங்களின் வழியாக ஊர்தோறும் ஃப்ளெக்ஸ் பலகைகளில் ஏறிவிட்ட தோற்றம் அது. அகன்ற தோளும் தடித்த கழுத்தும் கொண்ட தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது பொருந்தலாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமியை அப்படி நிறுத்தினால், அவள் ஆடுவது கபடியா, கோகோவா, எறிபந்தா என்பதுகூடப் படத்தில் தெரிவதில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக வந்து நிற்கிறார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்று, அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் படம் பத்திரிகைகளிலெல்லாம் வந்த பிறகு, பெண்கள் கபடி அணிகளுக்குப் படம் கேட்டு வரும் அழைப்புகள் எனக்குக் கூடியிருக்கின்றன. ஆகவே அந்த ஆட்டத்தை வைத்தே எழுதுகிறேன். நிற்கும் நிலையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், நிலை முடிவான பிறகுதான் விளக்கு எங்கே என்று முடிவாக வேண்டும் என்பது என் கட்சி. ஸ்டுடியோக்காரர்களான நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் விளக்குகளை நட்டுவிட்டு, அவற்றின் நடுவே பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

படம் எடுப்பதற்கு முன்பு பயிற்சியை ஒரு முறை ஓரமாக நின்று பார்த்துவிடுவது என் வழக்கம். யார் பாடிச் செல்கிறவள், யார் கார்னரில் (வரிசையின் ஓரத்தில்) நிற்கிறவள், யார் கவரில் (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில்) இருந்து பாய்கிறவள் என்று ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். கார்னரில் நிற்கும் பெண்ணின் கண் எப்போதும் பாடி வருபவளின் காலிலேயே இருக்கும். முழங்கால் மடங்கி, உடம்பு தாழ்ந்து, விரல்கள் கணுக்காலைப் பிடிக்கத் தயாராக விரிந்திருக்கும். பாடிச் செல்கிறவள், எதிரணியின் பக்கத்தில் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது, எடை முழுவதும் பின்னங்காலில் நிற்க, ஒரு கை தானாகவே பின்னால் விரிந்து உடம்பைச் சமன்படுத்தும். கார்னரும் அடுத்தவளும் கை கோத்து நிற்கும் சங்கிலிப் பிடியே இருவர் படத்துக்கு ஆயத்தமான ஓர் அமைப்பு. இவற்றில் எதையும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தினமும் செய்வதை விளக்குக்கு முன்னால் மெதுவாகச் செய்யச் சொன்னால் போதும்.

முகம்தான் கடினம். "அண்ணே, சிரிக்கவா, முறைக்கவா?" என்று முதல் பெண் கேட்பாள். "முறைச்சுப் பாரு" என்று ஆசிரியர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். முறைக்கச் சொன்னால் புருவம் மட்டும் சுருங்கி, உதடு இறுகி, அடுத்த நொடி சிரிப்பு வெடித்துவிடும். நான் அவளைப் பாடச் சொல்வேன். "கபடி கபடி" என்று மூச்சு விடாமல், ஆட்டத்தில் பாடும் அதே வேகத்தில், அதே சத்தத்தில். முதல் சில விநாடிகள் தோழிகளைப் பார்த்துக் கூச்சத்தோடு போகும். அதன் பிறகு மூச்சு குறையத் தொடங்கும். கழுத்து நரம்பு லேசாகத் தெரியும், மூக்கு விரியும், கண் எதிரில் இருக்கும் லென்ஸைத் தவிர வேறெதையும் பார்க்காது. அந்தக் கடைசி இரண்டு மூன்று விநாடிகளில் வரும் முகத்தை எந்த நடிப்பாலும் கொண்டுவர முடியாது. பாட்டை நிறுத்தியதும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கும் சிரிப்பையும் விடாமல் எடுத்துவிடுவேன். பலகைக்கு ஆசிரியர் முதல் படத்தைத் தேர்ந்தெடுப்பார். வீட்டுக்குக் கேட்டு வாங்குவது இரண்டாவதைத்தான்.

இனி விளக்கு. மாலையில் சூரியன் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக, பள்ளி மைதானத்திலேயே எடுப்பதுதான் எனக்குப் பிடித்தம். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 1/200 விநாடி என்று வைத்தால், அந்த நேரத்து வானமும் மைதானமும் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் அளவுக்கு, இருட்டாகப் பதிவாகும். அந்த இருட்டுக்குள் ஃப்ளாஷ் ஒளி பிள்ளையை மட்டும் எடுத்துக் காட்டும். ஃப்ளாஷின் வெளிச்சம் அப்பர்ச்சருக்குக் கட்டுப்பட்டது, சுற்றுப்புற வெளிச்சம் ஷட்டருக்கும் கட்டுப்பட்டது என்ற ஒரு விஷயம் கைவந்துவிட்டால் மீதி எளிது. நேரம் போகப்போக வானம் மங்கும்போது ஷட்டரை 1/160, 1/125, 1/80 என்று குறைத்துக்கொண்டே வந்தால், முதல் பிள்ளையின் படத்துக்கும் கடைசிப் பிள்ளையின் படத்துக்கும் வானம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், முகத்தின் வெளிச்சம் மாறாது. மேலே போவதற்குத்தான் தடை: பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் சாதாரண ஃப்ளாஷ் ஒத்துப்போகாமல், படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

முகத்துக்கான முதல் விளக்கைச் சுமார் 90 செ.மீ. சாஃப்ட் பாக்ஸில் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி), கண்ணுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்த்து வைப்பேன். எவ்வளவு தூரத்தில் என்பதில்தான் கபடி தன் விதியைச் சொல்கிறது. விளக்கு தலையிலிருந்து 1 மீட்டரிலும் பாதத்திலிருந்து 2 மீட்டரிலும் இருந்தால், பாதத்தில் விழுவது முகத்தில் விழும் ஒளியில் கால் பங்குதான். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது பள்ளி இயற்பியல். மார்பளவுப் படத்துக்கு அந்தச் சரிவு அழகு. கபடியோ காலால் ஆடும் ஆட்டம். கணுக்காலும் முழங்கால் பட்டையும் இருட்டில் போய்விட்டால் ஆட்டமே போய்விட்டது. ஆகவே முழு உருவப் படத்துக்கு விளக்கை 3 மீட்டர் வரை பின்னுக்கு இழுத்துவிட்டு, பவரைக் கூட்டுகிறேன். ஒளி சற்றுக் கடினமாகும்; அதற்காக ஒரு தெர்மோகோல் அட்டையை எதிர்ப்பக்கம் தரையோடு சாய்த்து வைத்தால், முழங்காலுக்குக் கீழே இருக்கும் நிழல் திறந்துகொள்ளும். கடையில் விற்கும் ரிஃப்ளெக்டர் காற்றில் பறக்கும், தெர்மோகோலை ஒரு செங்கல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது விளக்கு ஜெர்சிக்கானது. பாலியஸ்டர் துணியில் அச்சிட்ட இன்றைய ஜெர்சிகளுக்கு நேர் எதிரிலிருந்து வரும் ஒளி எதிரி. துணி பளபளத்து, ரப்பர் போல ஒட்டியிருக்கும் எண் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒடுக்கமான நீளப் பெட்டியான ஸ்ட்ரிப் பாக்ஸுக்கு, ஒளி சிதறாமல் தடுக்கும் கிரிட் வலையைப் போட்டு, பிள்ளைக்குப் பின்னால் ஒரு பக்கத்தில், லென்ஸுக்குள் ஒளி சிந்தாதபடி திருப்பி வைத்தால், துணியின் கண்களும் மடிப்புகளும் தோளின் விளிம்பும் தனியாக எழுந்து நிற்கும். நாவல் நிறத்திலோ கருநீலத்திலோ ஜெர்சி இருந்து பின்னணியும் இருட்டாக இருந்தால் இந்த விளக்கு இல்லாமல் வேலையே இல்லை. மஞ்சள் ஜெர்சி தன் மஞ்சளைத் தாடைக்கு அடியில் கொட்டும். அதற்குத் தெர்மோகோலை ஓர் அடி தள்ளி வைப்பதே மருந்து. வெள்ளை ஜெர்சியில் வேறொரு தொல்லை உண்டு: துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கப்படும் பொருள் ஃப்ளாஷில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும், முகத்தின் நிறம் சரியாக இருக்கும்போதே சட்டை மட்டும் நீலம் பாரித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முழுப் படத்தையும் மஞ்சளாக்காமல், சட்டையில் மட்டும் நீலத்தைக் குறைக்க வேண்டும்.

புது ஜெர்சி வந்த அன்றே படம் எடுக்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்த சட்டையின் மார்பில், சிலுவை போல நான்கு மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கும். பக்க ஒளி அவற்றை இரட்டிப்பாக்கிக் காட்டும். இஸ்திரிப் பெட்டி தேடி அலைவதைவிட, அந்தச் சட்டையிலேயே பத்து நிமிடம் ஆடிவிட்டு வரச் சொல்வது மேல். மடிப்பும் போகும், உண்மையான வியர்வையும் வரும். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தால் வியர்வை போலவே நெடுநேரம் நிற்கும் என்பது ஸ்டுடியோக்களில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. ஆடி முடித்த முகத்தில் நெற்றியோரம் ஒட்டிய முடியும் முழங்கையில் படிந்த செம்மண்ணும் தெளிப்பானால் வருவதில்லை.

சீருடையின் நிறத்தை ஒட்டிப் பின்னணியைத் தேர்வதில் அமெரிக்க விளையாட்டுப் புகைப்படக்காரர் வால்டர் ஐயூஸ் 1987இல் செய்ததை மிஞ்ச ஆள் இல்லை. சிவப்பு உடையில் பந்தைக் கூடைக்குள் போட எழும்பும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனை உயரத்திலிருந்து எடுப்பதற்காக, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் தரைக்கே நீல வண்ணம் பூசவைத்தார். நமக்கு அவ்வளவு வசதி கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால், சுண்ணாம்பு அடித்த மதில், பச்சைக் கரும்பலகை, துருப்பிடித்த கோல் கம்பம், சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை என்று ஏதாவது ஒன்று ஜெர்சிக்கு எதிர்நிறமாகக் கிடைத்துவிடுகிறது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொள்ளலாம்.

தோல் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்காத அம்மா அபூர்வம். வெயிலில் தினமும் ஆடும் பெண்ணின் தோலை வெளுத்துக் காட்டினால், அவள் உழைப்பின் சாட்சியைத்தான் முதலில் அழிக்கிறோம். அது தவிர, தொழில்முறையிலும் அது மோசமான யோசனை. கருமையான தோல் தன்மேல் பளபளக்கும் ஒளியால்தான் உருவம் கொள்கிறது. கன்ன எலும்பிலும் தோள் உருண்டையிலும் முன்கைத் தசையிலும் பெரிய விளக்கு ஒன்று மென்மையாகப் பிரதிபலித்தால், எக்ஸ்போஷரை ஏற்றாமலே தோல் சுடர்விடும். கறுப்புப் பின்னணியைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கையால் அமைத்து, முகத்தின் வெளிச்சத்தைக் கேமராவின் ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரிபார்த்துக்கொள்வது நல்லது. அம்மாக்களிடம் நான் வாதாடுவதில்லை. கேமராவின் திரையில் படத்தைக் காட்டிவிடுகிறேன்; அநேகமாக அதற்குப் பிறகு கலர் பேச்சு எழுவதில்லை.

பாய்ச்சலை உறைய வைக்க வேண்டுமென்றால் ஃப்ளாஷை முழுப் பவரில் வைக்கக் கூடாது. கையடக்க ஃப்ளாஷ் முழுப் பவரில் எரிய ஏறத்தாழ 1/250 விநாடி எடுத்துக்கொள்ளும். 1/16 பவரில் அதே ஃப்ளாஷ் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அணைந்துவிடும். ஆகவே பெரிய ஒன்றைவிட, குறைந்த பவரில் எரியும் சிறிய ஃப்ளாஷ்கள் இரண்டை ஒரே குடைக்குள் கட்டுவது, காற்றில் பறக்கும் மண்துகளைக்கூடப் புள்ளி புள்ளியாக நிறுத்தும். மண்ணை வீச வேண்டும் என்றால் அந்த மைதானத்து மண்ணையே, பின்விளக்குக்கு எதிரே, முகத்துக்கு நெடுந்தூரம் தள்ளி வீசச் சொல்கிறேன். கோலமாவு, முகப்பவுடர், ஹோலிப் பொடி ஆகியவற்றுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணில் விழும், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து. புகை எந்திரம் திறந்த மைதானத்தில் வீண்செலவு.

கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் சிறு பிள்ளைகளும் ஓங்கித் தெரிவார்கள் என்பது உண்மை. ஆயினும் அரைக்கால் உடையில் நிற்கும் பெண்பிள்ளைகளை அந்த உயரத்திலிருந்து எடுப்பதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: அவர்களும் குனிந்து, முழங்கால் மடக்கி, ஆட்ட நிலையில் இருந்தால் மட்டுமே தாழ்ந்த கோணம், நிமிர்ந்து நின்றால் கேமரா மார்பு உயரத்துக்கு வந்துவிடும். கையை லென்ஸை நோக்கி நீட்டும் படத்துக்கு 35 எம்.எம். லென்ஸ் விரல்களைப் பெரிதாக்கி வேகத்தைக் கொடுக்கும், மற்றவற்றுக்கு 85தான். ஆசிரியை ஒருவர் உடன் இருப்பதும், பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும், பிள்ளையின் பெயரோடு படத்தை நானாக எங்கும் வெளியிடாமலிருப்பதும் பேரம் பேசும் விஷயங்கள் அல்ல. விளக்குத் தண்டுகளின் காலில் மணல் மூட்டை கட்டாமல் ஒரு பிள்ளையையும் அருகில் விடுவதில்லை. மைதானத்துக் காற்றில் சாஃப்ட் பாக்ஸ் பாய்மரமாகிவிடும்.

கடைசியாக அச்சு. ஃப்ளெக்ஸில் கருமை அடைத்துக்கொள்ளும். திரையில் அழகாகத் தெரியும் இருட்டு, பலகையில் வெறும் கறுப்புத் திட்டாக விழும். அதனால் பலகைக்கு அனுப்பும் கோப்பில் நிழல்களைச் சற்றுத் தூக்கி, ஜெர்சி எண்ணைச் சுற்றி இருக்கும் மடிப்புகளின் வேறுபாட்டைக் கூட்டி அனுப்புகிறேன். வீட்டுக்குத் தரும் 8க்கு 12 அங்குலப் படத்தை மேட் தாளில்தான் போடுகிறேன். பளபளப்பான தாளில் துணியின் மினுமினுப்பும் தாளின் மினுமினுப்பும் ஒன்றாகக் கலந்து, பின்விளக்கால் பாடுபட்டுக் கொண்டுவந்த நெசவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.