அவுசங்காத்தே மலையின் முன்னால்

எங்கள் காலத்தில் சித்திரப் பாடத்தில் மலை வரையாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க மாட்டாது. இரண்டு முக்கோணம், நடுவே அரைச் சூரியன். மலையே இல்லாத ஊரில் பிறந்த எங்களுக்கு அதுதான் மலை. எங்கள் சித்திர ஆசிரியர் மட்டும் அதற்குப் புள்ளி தர மறுப்பார். “கண்டதை வரை. காணாததை வரைய விரும்பினால், முதலில் போய்க் கண்டுவிட்டு வா” என்பார்.

பெரு நாட்டில் குஸ்கோவுக்குத் தென்கிழக்கே, 6,300 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கும் அவுசங்காத்தேயைக் கண்டேன். அங்குள்ள பழங்குடிகளான கெச்சுவா மக்களுக்கு அது ஓர் அப்பு, அதாவது மலைத் தெய்வம். தண்ணீர் தருவதும் அல்பாக்கா மந்தைகளைக் காப்பதும் அதுவே. மதிக்காவிட்டால் கோபிப்பதும் அதுவே. பக்சாந்தா கிராமத்தில் நான் தாளை விரித்ததும், தங்கியிருந்த வீட்டு அம்மா அருகில் வந்தார். பழுதில்லாத கொக்கா இலைகள் மூன்றைத் தேர்ந்து, விரல்களுக்கிடையே விசிறியாகப் பிடித்து, மலையின் பெயரைச் சொல்லி அதன் பக்கம் மெல்ல ஊதினார். அதன் பிறகுதான் என்னை வரையச் சொன்னார்.

தூரத்து மலையை வெளிறிய நீலத்தில் கரைத்துவிடுவது நிலக்காட்சி ஓவியர்களின் வழக்கம். அங்கே அது செல்லாது. காற்று அவ்வளவு மெல்லியது. எட்டத்துப் பாறையின் வெடிப்பும் கூர்மையாகத் தெரிகிறது. பொலிவியாவின் பொத்தோசி நாணயசாலை அருங்காட்சியகத்தில் பார்த்த 18ஆம் நூற்றாண்டு ஓவியம் நினைவுக்கு வந்தது. 1545இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட செர்ரோ ரிக்கோ மலையே அதில் மரியன்னையின் அங்கி. உச்சியில் முகம், சரிவுகளில் கைகள், இரு பக்கமும் சூரியனும் சந்திரனும். வரைந்தவரின் பெயர் தெரியாது. மலையைத் தாயாகக் கும்பிட்ட மக்களின் மனத்தை அறிந்த கை அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் அவுசங்காத்தேயைப் பின்னணியில் ஒதுக்காமல் தாள் முழுவதும் நேர்முகமாக நிறுத்தினேன். விடியற்குளிரில் பூசிய நிறம் காயுமுன்பே உறைந்து, இலை நரம்புபோல் கோடுகளை விட்டது. அவற்றை அழிக்கவில்லை.

அருகிலுள்ள சினக்காரா பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கொய்யூர் ரித்தி விழா நடக்கிறது. கரடி வேடமிடும் உக்குகுகள் முன்பெல்லாம் பனியாற்றில் பனிக்கட்டி வெட்டி, மருந்தென்று முதுகில் சுமந்து இறங்குவார்கள். பனியாறு சுருங்கியதால் இப்போது வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவுசங்காத்தேயிலும் தம் சிறுவயதில் பனி எதுவரை இருந்தது என்று குதிரைக்காரர் ஒருவர் எனக்குக் காட்டினார். அங்கே இன்று வெறும் பாறை.

நீர்வண்ணத்தில் பனிக்கு நிறம் தேவையில்லை, தாளை அப்படியே விட்டால் போதும். ஆனால் மக்கள் கும்பிடும் மலைக்கு இல்லாத பனியைப் போர்த்துவது மரியாதை ஆகாது. குதிரைக்காரர் காட்டிய இடமெங்கும் செம்பழுப்பு ஏற்றினேன்.