பென்சிலின் அலர்ஜி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு மயக்க மருந்து மருத்துவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "பென்சிலின் ஒத்துக்கொள்ளாதுன்னு இருக்கே, அப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அலர்ஜி என்று சொன்னதுமே எழுதிக்கொண்டு வேறு மருந்து தந்துவிடுவார்கள்.

அம்மாவைக் கேட்டேன். சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்கு மருந்து குடித்தபோது உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஊசி போட்டுச் சரியாக்கினார்களாம். இதைக் கேட்ட மயக்க மருந்து மருத்துவர் என்னை அலர்ஜி நிபுணரிடம் அனுப்பினார்.

நிபுணர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. பத்துப் பேரில் ஒருவருக்குப் பென்சிலின் அலர்ஜி என்று பதிவு இருக்கிறதாம். முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஒன்றுமே வருவதில்லை. சிலருக்கு அன்று வந்தது வைரஸ் காய்ச்சலின் தடிப்பாக இருந்திருக்கும். உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளில் அது போய்விடுகிறது.

அப்புறம் பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பெண் முறையில் மூன்று கேள்விகள். ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்ததா? அப்படியானால் 2. முகமோ உதடோ வீங்கியதா, உயிருக்கு ஆபத்தான எதிர்வினையா, தோல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 2. சிகிச்சை தேவைப்பட்டதா? அதற்கு 1. மூன்றுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குத் தோல் சோதனை இல்லாமல் நேராக மாத்திரை கொடுத்தே பார்க்கலாம் என்று 2023இல் வெளியான பேலஸ் ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு உதடு வீங்கியதற்கு 2, ஊசி போட்டதற்கு 1, ஆக மதிப்பெண் சரியாக 3. அதனால் முதலில் தோல் சோதனை.

செடிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அவை உடம்பில் இருந்தால் தடிப்பு வர வேண்டிய இடத்திலும் வராது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார்கள். அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசியின் வேலையை அது மந்தமாக்கிவிடுமாம்.

முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, சின்ன முனையால் லேசாகக் குத்தினார் செவிலியர். ஒன்று வெறும் உப்பு நீர், இன்னொன்று ஹிஸ்டமின் (அலர்ஜி வரும்போது உடம்பு வெளிவிடும் பொருள்), மற்றவை பென்சிலின் சார்ந்தவை. கொஞ்ச நேரத்திலேயே ஒரு இடம் கொசு கடித்ததுபோல் தடித்து அரிக்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளூரப் பயம். "அது ஹிஸ்டமின்மா, எல்லோருக்கும் தடிக்கணும். தடிக்கலைன்னாதான் சோதனையே செல்லாது" என்றார். உப்பு நீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக பென்சிலின் குறிகளில் தடித்தால்தான் அலர்ஜி என்று கொள்வார்கள். கால் மணி நேரம் கழித்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்து தோலுக்குள்ளேயே குட்டிக் கொப்புளம் எழும்பும்படி ஊசி. இது கொஞ்சம் எரிந்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

தோல் சோதனையோடு முடியவில்லை. முடிவைச் சொல்வது மாத்திரைதான். பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினில் பத்தில் ஒரு பங்கை முதலில் கொடுத்தார்கள். அரை மணி நேரம் பொறுத்து மீதி. பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். தொண்டை இறுகுகிறதா என்று நான் திரும்பத் திரும்ப எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் ஆகவில்லை. அடுத்த சில நாட்களில் தடிப்பு வந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அப்படியும் வரவில்லை.

இதற்காக மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அலர்ஜி என்ற பதிவு இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன் தொற்று வராமலிருக்க வழக்கமாகப் போடும் செஃபாசோலின் என்ற மருந்தைக்கூடத் தவிர்த்துவிட்டு வேறு மருந்துக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காயத்தில் தொற்று வருவது கூடுதலாக இருக்கிறது என்று நிபுணர் விளக்கினார். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

சோதனை முடிவை எழுதிக் கேட்டு வாங்குங்கள். குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், மருந்துக்கடை என்று எல்லா இடத்திலும் பழைய பதிவை நீக்கச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மாத்திரை விழுங்கிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகும் அளவுக்கு முன்பு எதிர்வினை வந்தவர்களுக்கு இந்த மாத்திரைச் சோதனையே கூடாது. அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.