முல்லர் கேட்டது ஆண்டவரிடம் மட்டும்

மனுஷரை நம்புவதைவிடக் கர்த்தரை நம்புவதே நலம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜ் முல்லர் ஞாபகம்தான் வரும். 1830இல் இங்கிலாந்தின் டீன்மவுத் சபையில் போதகராக இருந்தபோதே நிரந்தரச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஆலயத்தில் இருக்கைக்கு வாடகை உண்டு. காசுள்ளவருக்கு நல்ல இடம், ஏழைக்குக் கிடைத்த இடம். போதகரின் வருமானமே அதுதான். அதை எடுத்துவிட்டு ஆலயத்தில் ஒரு காணிக்கைப் பெட்டியை வைத்தார்; மனமிருப்பவர்கள் போடலாம், அவ்வளவுதான்.

அப்புறம் 1836இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். பணம் வேண்டும் என்று எந்த மனிதரிடமும் கேட்கவில்லை, கடனும் வாங்கவில்லை. முழங்கால் ஜெபம்தான். 1870க்குள் பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் பகுதியில் 5 பெரிய இல்லங்கள் எழும்பிவிட்டன! வந்த காசுக்கெல்லாம் கணக்கு எழுதி வெளியிட்டார் என்பது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. விசுவாசம் இருந்தால் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் சபைகளில் கட்டட வேலை என்றதும் எந்தப் பணக்காரரைப் பார்க்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வருகிறது. மனசு வலிக்கிறது. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் ஜெபத்தில் உட்காரலாமா? வருகிறவர்கள் சொல்லுங்கள்.