தரையில் புளியங்கொட்டை வைத்துப் பார்த்த காவிரி

2024 பிப்ரவரியில் நாகை மாவட்டத்தில், காவிரி வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர் ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்தோம். ஊருக்கான பாசனத் திட்டத்தை விவசாயிகளோடு சேர்ந்து எழுதுவது வேலை. கணக்கு என் பொறுப்பு. மேட்டூர் அணை எப்போது திறந்தால் எந்தச் சாகுபடிப் பட்டம் தேறும் என்று லேப்டாப்பில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தேன்.

மூன்று சூழல்களோடு போனேன்: ஜூன் 12-இல் திறப்பு, ஜூலைக் கடைசியில் திறப்பு, ஆகஸ்ட் நடுவில் திறப்பு. 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13 என்ற பழைய தேதிகளைப் பார்த்துத்தான் வைத்தேன். கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டும் என்று 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), மாதத் தவணைப்படி சரியாக வந்துவிடும் என்பது கணக்கின் அடிப்படை.

முதல் நாள் திரையில் வரைபடம் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் லேப்டாப்பை மூடிவிட்டு, சமுதாயக் கூடத்துத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வாய்க்காலை வரைந்தோம். ஒரு புளியங்கொட்டை ஒரு நாள் தண்ணீர். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் நிலம் உள்ளவர்கள் தலைப்பிலும், கடைசி மதகுக்காரர்கள் கடைசியிலும் உட்கார்ந்தார்கள். கொட்டையை நகர்த்த ஆரம்பித்ததும் பேச்சு வந்துவிட்டது.

கடைசி மதகில் இருந்த பெரியவர் கேட்டார்: “தம்பி, போன வருசத்த இதுல எங்க வச்சிருக்கீங்க?”

என்னிடம் பதில் இல்லை. 2023-இல் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டியது வராமல் அணை இறங்கி, அக்டோபர் 10-இல் பாசனத்துக்கு அடைத்தார்கள். டெல்டாவில் பல இடங்களில் குறுவை கருகியது. என் சூழல்கள் மூன்றுமே திறக்கும் நாளைப் பற்றியவை. நின்றுபோகும் நாள் எதிலும் இல்லை. விதை, உழவு, உரம் என்று எல்லாச் செலவும் வயலுக்குள் போன பிறகு தண்ணீர் நிற்பதுதான் ஆளைச் சாய்க்கும். திறக்கவே இல்லையென்றால் கைக்காசாவது மிஞ்சும். ‘திறந்து, பாதியில் நின்றால்’ என்று நான்காவதை எழுதினோம். அதற்கு மட்டும் ஒரு முழுப் பகல் போனது. தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும்போது முதல் முறையைக் கடைமடைக்குத் தருவது என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். தலைப்புக்காரர்கள் அதற்கு இறங்கி வந்தது லேசான விஷயம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் கட்டத்தில் ஒரு கொட்டைகூட இல்லாததைக் கண்ணால் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள், தண்ணீர் தாமதமானால் நாற்று நடாமல் நேரடி விதைப்பு என்று எழுதிக்கொண்டிருந்தோம். கதவோரம் நின்ற ஒரு அக்கா, “அப்ப எங்களுக்கு நடவு வேலை?” என்றார். விளைச்சலும் தண்ணீரும் இருந்த என் அட்டவணையில் கூலி நாள் என்று ஒரு பத்தியே இல்லை. அன்றே சேர்த்தேன். தெற்குப் பக்கத்து வயல்களை எந்தச் சூழலிலும் நடவுக்கே விடுவது என்று முடிவானது.

அந்த ஆண்டு மேட்டூர் ஜூலை 28-இல் திறந்தது. எழுதி வைத்தபடியே ஊரில் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போனார்கள். அறுவடை சமயத்தில் போனபோது அந்த அக்கா தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். நடவுக்குப் போன நாட்களைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். எண்ணினேன், பதினொன்று. என் தாளில் பதினைந்து என்று இருந்தது.